சாலையின் சரித்திரம் – 17: ஹெரால்டின் அடையாளம் எங்கே இருக்கிறது?

கீரனூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் வழியில் நார்த்தாமலை வரும். அங்கே மேலமலைப் பாறையின் மேல் நிற்கும் கற்றளிக்கு விஜயாலய சோழீச்சரம் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தே, பிற்காலச் சோழ மரபைத் தொடங்கிய விஜயாலயன் கட்டிய கோயில் அது என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். கோயிலிலேயே இருக்கும் கல்வெட்டு சொல்லும் கதை வேறு. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுத்த கற்றளி அது. மழையில் இடிந்து சிதைந்தது. மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தான். ஆக, பெயர் சோழ மன்னனுடையது, கை முத்தரையர் தலைவர்களுடையது. ஒரு பொருளுக்கு வழங்கும் பெயரும் அது பிறந்த விதமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அந்தப் பாறை சொல்லிக்கொண்டிருக்கிறது. சென்ற வாரம் பெருங்களத்தூர்த் தொழிற்சாலை எழுந்த கதையைப் பார்த்தோம். இந்த வாரம் அங்கே பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை எடுத்துக்கொண்டு, அதே கேள்வியைக் கேட்போம். ஒரு பழைய காரின் உண்மையான அடையாளம் எங்கே இருக்கிறது? முகப்பில் மின்னும் பெயரிலா, ரிவெட் அடித்த தகட்டிலா, யாரும் குனிந்து பார்க்காத அடிப்பாகத்திலா? அடிப்பாகத்தில்தான் என்பது என் கட்சி. எந்த உறுப்பை மாற்ற அதிகப் பாடுபட வேண்டுமோ, எந்த உறுப்பை மாற்றுவதால் யாருக்கும் பெருமை சேராதோ, அந்த உறுப்புதான் பொய் சொல்லாத சாட்சி.

இந்தக் கேள்வி மற்றக் கார்களைவிட ஹெரால்டுக்கு ஏன் அதிகம் பொருந்துகிறது என்பது அது பிறந்த கதையிலேயே இருக்கிறது. 1950-களில் கார் செய்தவர்கள் பெரும்பாலும் சேஸும் பாடியும் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே கூடாகக் கார்களைச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். பிரிட்டனின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்தால் அந்த வழியில் போக முடியவில்லை. அவர்களுக்குப் பாடி செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டியாளரான பிஎம்சி வாங்கிக்கொண்டது. முழுப் பாடியை ஒரே இடத்தில் அடித்துத் தர ஆளில்லாமல் போனதால், தனி சேஸ் ஒன்றைச் செய்து, பல இடங்களில் அடித்து வந்த பாடித் துண்டுகளை அதன் மேல் போல்ட் போட்டு முடுக்கும் பழைய முறைக்கே திரும்பினார்கள். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவானி மிக்கெலொட்டி அதற்கு அழகான உருவம் தந்தார். 1959 ஏப்ரலில் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. முன் மட்கார்டுகளோடு சேர்ந்த பானெட் முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். கூரையையும் போல்ட்டைக் கழற்றித் தூக்கி எடுத்துவிடலாம். ஒரே அடித்தளத்தில் செடான், கூப்பே, திறந்த கூரை, எஸ்டேட் என்று பல உருவங்களை நிறுத்த இந்த அமைப்பு தொழிற்சாலைக்குக் கைகொடுத்தது. பின்னால் வந்த பட்டறைகளுக்கும் அதே வசதி கிடைத்தது. தொழிற்சாலை எளிதாகப் பூட்டியதைப் பட்டறையும் எளிதாகக் கழற்றும். அடையாளச் சிக்கலின் வேர் இதுதான்.

மெட்ராஸ் கதைக்கு வருவோம். பிரிட்டனின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனமும் மெட்ராஸின் யூனியன் கம்பெனியும் சேர்ந்து 1948-இல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கின. வண்டலூருக்குப் பக்கத்தில், ஜிஎஸ்டி சாலையோரம், பெருங்களத்தூரில் தொழிற்சாலை எழுந்தது. 1953-இல் சுங்க ஆணையத்தின் பரிந்துரையை ஏற்ற அரசு, வெறுமனே பாகங்களை இறக்கிப் பூட்டுபவர்களுக்கு இனி இடமில்லை, இங்கேயே செய்பவர்கள் மட்டும் இருக்கலாம் என்று சொன்னது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. மெட்ராஸ் நிறுவனம் தங்கியது. வான்கார்டு, டென், பென்னன்ட் ஆகியவற்றுக்குப் பிறகு 1961-இல் ஹெரால்டு வந்தது. டென் காரில் ஓடிய 948 சிசி என்ஜின்தான் ஹெரால்டிலும் ஓடியது. ஆகவே மெட்ராஸ் தொழிலாளர்களுக்கு அது புது என்ஜின் அல்ல. பிரிட்டனில் அதே 1961-இல் 1147 சிசிக்கும், 1967-இல் 1296 சிசிக்கும் போய்விட்டார்கள். மெட்ராஸ் கடைசிவரை 948-ஐ விடவில்லை. பெயரிலும் இரண்டு வழி பிரிந்தது. ஸ்டாண்டர்டு என்ற சொல்லுக்கு ‘மலிவானது, சாதாரணமானது’ என்ற நிழல் விழுந்துவிட்டதால், 1963-இல் பிரிட்டனில் அந்தப் பெயரில் கார் செய்வதையே நிறுத்தினார்கள். இங்கே அந்தப் பெயர் 1980-களின் கடைசிவரை வாழ்ந்தது. ஆனாலும் ‘டிரையம்ப்’ என்ற எழுத்துகளைக் கிரில்லில் பதித்து, என்னுடையது கப்பலில் வந்த கார் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை சிலருக்கு இருந்தது. எழுத்துகளை எந்த ஊரிலும் வார்த்துக்கொள்ளலாம். ஆகவே எழுத்துகளை நம்பி எதையும் முடிவு செய்வதற்கில்லை.

அந்த ஆசைக்குக் காரணம் ஹெரால்டு குடும்பத்தின் விளையாட்டு ரத்தம். பிரிட்டனில் சாதாரண ஹெரால்டு செடானுக்கு ஒரு கார்புரேட்டர், சுமார் 35 குதிரைத்திறன். கூப்பேக்கு இரட்டை எஸ்யு கார்புரேட்டர், சுமார் 45 குதிரைத்திறன். 1962-இல் இதே சேஸிலிருந்து பிறந்த ஸ்பிட்ஃபயர் உலகமறிந்த ஸ்போர்ட்ஸ் காரானது. பிறகு வந்த 12/50 என்ற ஹெரால்டு செடானில் அழுத்தம் கூட்டிய என்ஜின், முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக், துணியால் ஆன கூரைத் திறப்பு ஆகியவை தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தன. அங்கே சேகரிப்பாளர்கள் இப்படித்தான் தரம் பிரிக்கிறார்கள்: தகட்டில் ஜிஏ என்று தொடங்கும் எண் 1147 சிசி என்ஜின் உள்ள சாதாரண 1200-க்கு உரியது, ஜிடி என்று தொடங்குவது 12/50-க்கு, ஜிஇ என்று தொடங்குவது 1296 சிசி என்ஜின் உள்ள 13/60-க்கு. எண்ணின் வாலில் டிஎல் இருந்தால் செடான், சிவி இருந்தால் திறந்த கூரை. 1200 செடானின் கூரையை வெட்டித் துணித் திறப்பு வைத்துவிட்டு 12/50 என்று சொன்னால், ஜிஏ என்ற இரண்டெழுத்து அதை மறுக்கும். இந்தியாவில் ஸ்பிட்ஃபயர் செய்யப்படவே இல்லை. இறக்குமதிக்கோ ஆயிரம் தடை. வேகத்தையும் திறந்த காற்றையும் விரும்பியவர்களுக்குக் கையருகே கிடைத்தது ஹெரால்டுதான். அதில் கூரையைக் கழற்றினார்கள், இரண்டாவது கார்புரேட்டர் வைத்தார்கள், முகப்பை மாற்றினார்கள். அப்படி மாற்றிய கார்கள் இன்று அபூர்வமான கம்பெனி மாடல் என்ற பெயரோடு கைமாறும்போதுதான் கேள்வி எழுகிறது.

இப்போது சாட்சிகளை ஒவ்வொன்றாக விசாரிப்போம். எல்லாவற்றிலும் பலவீனமான சாட்சி முகப்பு. ஹெரால்டின் பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டு என்பதால், கீழே உள்ள மூட்டுகளைக் கழற்றி முழு முகத்தையும் தூக்கி வைத்துவிட்டு வேறொரு முகத்தை மாட்டலாம். மோதி நசுங்கிய எத்தனையோ கார்களுக்கு உடைத்த காரிலிருந்து எடுத்த முகம்தான் மாட்டப்பட்டது. ஆகவே கிரில்லின் வடிவமும் விளக்கின் வளையமும் அந்த முகத்தின் வயதைத்தான் சொல்லும், காரின் வயதைச் சொல்லா. அடுத்த பலவீனமான சாட்சி கூரை. திறந்த கூரையோடு நிற்கும் ஹெரால்டைப் பார்த்ததும் அபூர்வம் என்று மனம் துள்ளும். ஆனால் கூரையை எடுப்பது இந்தக் காரில் மிக எளிது. எளிதாகச் செய்யக்கூடிய மாற்றம் எதுவும் தொழிற்சாலையின் கையெழுத்தாக முடியாது. நிறமும் இருக்கை விரிப்பும் அப்படியே. ஐம்பது ஆண்டில் ஒரு கார் எத்தனை முறை பெயிண்ட் பார்த்திருக்கும் என்று யோசித்தாலே போதும்.

பலமான சாட்சியைத் தேட வேண்டுமானால் ஜாக்கியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போக வேண்டும். ஹெரால்டின் பின் சக்கர அமைப்பு நம் ஊர்க் கார்களில் தனி ரகம். கிரவுன் இருக்கும் ஹவுசிங் சேஸிலேயே போல்ட் அடித்து அசையாமல் நிற்கும். அதன் தலைமேல் ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், வண்டிக்குக் குறுக்காக, இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம்வரை கிடக்கும். ஹவுசிங்கின் இரு பக்கமும் ஒவ்வொரு ஜாயின்ட், அதிலிருந்து ஒவ்வொரு ஷாஃப்ட். இடச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலச் சக்கரத்துக்குத் தெரியாது. சேஸில் ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினால் இரண்டு சக்கரமும் அடிப்பக்கம் உள்ளே மடங்கி, நின்றுகொண்டே காலை ஒடுக்குவதுபோல் தொங்கும். அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் இந்தக் காட்சி இல்லை. இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்புக் கட்டை பிணைத்திருக்க, சக்கரங்கள் நேராகவே இறங்கும். நம் சாலைகளும் நம் மெக்கானிக்குகளும் பழகியது அந்தக் கட்டைக்குத்தான். ஹெரால்டின் ஆடும் ஷாஃப்ட்டை அவர்கள் விரும்பவில்லை. 1970-களின் தொடக்கத்தில் பெருங்களத்தூரிலேயே திருத்தி வடிவமைத்துக் கொண்டுவந்த கெஸல் காரில் ஆடும் அமைப்பைக் கைவிட்டு, முழுக் கட்டையையே வைத்தார்கள். என்ஜின் மட்டும் அதே 948. ஆகவே ஒரு கார் ஹெரால்டா, கெஸலா என்ற வழக்குக்கு முகப்பைப் பார்க்கத் தேவையில்லை, தூக்கிப் பார்த்தால் போதும். ஹெரால்டில் பின்னாளில் யாராவது முழுக் கட்டையை வைத்திருந்தால், அதைத் தாங்க சேஸில் புதிதாகப் பிடிமானங்களைப் பற்றவைத்திருப்பார்கள். பழைய பிடிமானங்களின் தழும்பும் புதியவற்றின் பற்றும் சேஸில் தங்கிவிடும்.

இரண்டாவது பலமான சாட்சி கதவு. டிரையம்ப் பிரிட்டனில் நான்கு கதவு ஹெரால்டைச் செய்யவே இல்லை. அங்கே எல்லாம் இரண்டு கதவுதான். 1968-இல் வந்த மார்க் 3 ஹெரால்டுக்கு மெட்ராஸ்தான் நான்கு கதவு வைத்தது. அம்பாசிடரும் ஃபியட்டும் நான்கு கதவோடு ஓடிய சந்தையில், பின் இருக்கைக்குப் போக முன் இருக்கையை மடக்கச் சொல்லும் காரைக் குடும்பங்களுக்கு விற்பது எளிதல்ல என்பது விளங்கக்கூடியதே. எனவே நான்கு கதவு ஹெரால்டு ஒன்றைக் கண்டால், அதன் கிரில்லில் எந்தப் பெயர் மின்னினாலும், அந்தப் பாடி பெருங்களத்தூர்ப் பாடி. மாற்றிச் செய்திருக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் நடுத்தூணை நகர்த்தி, முன் கதவைக் குறுக்கி, தரையோடு ஓடும் விளிம்பை அறுத்து ஒட்ட வேண்டும். அவ்வளவு வேலை செய்தவர் தடயம் விடாமல் போக முடியாது. தொழிற்சாலைப் பற்றுக்கும் பட்டறைப் பற்றுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும். தொழிற்சாலையில் இரண்டு தகட்டை மின்முனைகளுக்கு நடுவே வைத்து அழுத்திப் பற்றவைப்பார்கள். கதவைத் திறந்து, அடியில் மடிந்திருக்கும் விளிம்பைத் துடைத்துப் பார்த்தால், சிறு நாணயம் அழுந்தியதுபோல் வட்டக் குழிகள் ஏறக்குறைய சம இடைவெளியில் வரிசையாகப் போகும். கேஸ் வெல்டிங் பிடித்த இடத்தில் அந்த வரிசை அறுந்துபோய், புழு ஊர்ந்தது போன்ற மேடு இருக்கும். அதையும் தேய்த்து மேலே பட்டி பூசியிருந்தால், ஒரு சிறு காந்தம் போதும். இரும்புத் தகட்டில் கச்சென்று ஒட்டுவது, பட்டி கனத்த இடத்தில் நழுவி விழும்.

மூன்றாவது சாட்சி என்ஜினின் உள்வாய். 948, 1147, 1296 ஆகிய மூன்று என்ஜின்களும் ஒரே குடும்பம். மூன்றிலும் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் ஒன்றே, 76 மில்லிமீட்டர். வேறுபடுவது சிலிண்டரின் அகலம் மட்டும். 948-இல் 63, 1147-இல் 69.3, 1296-இல் 73.7 மில்லிமீட்டர். வெளியே நின்று பார்த்தால் பழகாத கண்ணுக்கு மூன்றும் ஒன்றே. ஆனால் ஹெட்டைக் கழற்றி அளந்தால் வழக்கு முடிந்தது. தேய்ந்த சிலிண்டரை மறுபடி கடைந்திருப்பார்களே என்பது நியாயமான கேள்வி. வழக்கமாகக் கடைவது 20, 40, 60 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 60 தௌ என்பது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். 63 அப்போது 64.5 ஆகும், கொள்ளளவு 993 சிசி வரை போகும். அங்கிருந்து 69.3-க்குப் போக இன்னும் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் வேண்டும், கடைசல் அவ்வளவு தூரம் போகாது. எனவே மெட்ராஸ் ஹெரால்டு என்று சொல்லும் காருக்குள் 69 மில்லிமீட்டர் சிலிண்டர் இருந்தால், அந்த என்ஜின் பெருங்களத்தூரில் அந்தக் காரில் பொருத்தப்பட்டதல்ல. அதனால் அந்தக் கார் கெட்டுப்போனது என்று ஆகாது. ‘என்ஜின் உட்பட அத்தனையும் கம்பெனி ஒரிஜினல்’ என்ற வாக்கியம் மட்டும் கெட்டுப்போகிறது.

தகடும் தாளும்தானே முதல் சாட்சி, அவற்றை ஏன் இவ்வளவு பின்னால் வைக்கிறாய் என்று வாசகர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. என்ஜின் அறையின் சுவரில் ரிவெட் அடித்த சிறு தகட்டை, இரண்டு ரிவெட்டைத் துளைத்தால் எடுத்துவிடலாம். துருப்பிடித்து உதிர்ந்த அபூர்வக் காரின் தகட்டை நல்ல நிலையில் உள்ள சாதாரணக் காரில் அடிப்பது உலகெங்கும் நடக்கும் பழைய வித்தை. ஆர்சி புத்தகம் எண்களையும் பாடி வகை, என்ஜின் கொள்ளளவு போன்ற சில விவரங்களையும் பதிவு செய்யும், ஒவ்வோர் உறுப்பும் பிறந்தபடி இருக்கிறதா என்று சொல்லாது. ஆனாலும் தாள் பயனற்றதல்ல, அதைப் படிக்கத் தெரிய வேண்டும். கீரனூரையே எடுத்துக்கொள்வோம். இன்று குளத்தூர் வட்டத்தின் தலைமையிடமான இந்த ஊரில் ஓடும் கார்களுக்கு டிஎன் 55 எண். புதுக்கோட்டை மாவட்டம் பிறந்ததோ 1974 ஜனவரி 14-இல். அதற்கு முன் 1948-இலிருந்து இந்தப் பகுதி திருச்சி மாவட்டத்தில் இருந்தது. டிஎன்னோடு இரண்டு இலக்கம் சேரும் முறை 1989-க்குப் பிறகு வந்தது. எனவே 1965-இல் வாங்கிய ஹெரால்டு ஒன்று இன்று டிஎன் 55 பலகையோடு நின்றால், அது அந்தக் காரின் பிறவி எண்ணாக இருக்க வழியே இல்லை, இடையில் மறுபதிவு நடந்திருக்கிறது. மறுபதிவு குற்றமல்ல. அதற்கு முன்பு இருந்த மூன்றெழுத்து எண் எது, எந்த அலுவலகத்தில், எந்த ஆண்டில் என்ற கேள்விகளை அந்தப் பலகையே எழுப்புகிறது. நல்ல தாள் கேள்வியைத் தரும். பதிலை இரும்பில்தான் தேட வேண்டும்.

சில்லறை உறுப்புகளும் சாட்சி சொல்லும், ஆனால் ஒரு திசையில் மட்டும். மெட்ராஸைச் சுற்றி உதிரிபாகத் தொழில் எழுந்த காலம் ஹெரால்டின் காலத்தை ஒட்டியதுதான். இந்தியா பிஸ்டன்ஸ் 1949, வீல்ஸ் இந்தியா 1960, லூகாஸ்-டிவிஎஸ் 1961, பிரேக்ஸ் இந்தியா 1962. ஒரு டைனமோவின் மேல் லூகாஸ்-டிவிஎஸ் என்ற பெயர் இருந்தால் அது 1961-க்கு முன் செய்யப்பட்டதல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அந்த டைனமோ காரோடு பிறந்ததா, பத்து ஆண்டு கழித்துக் கடையில் வாங்கி மாட்டியதா என்று அது சொல்லாது. தேய்வதும் எரிவதும் எல்லாவற்றுக்கும் முன்னால் மாற்றப்படும். தேயாத, எரியாத, யாரும் விரும்பாத உறுப்புகள்தான் பிறந்தபடி தங்கும். கோயில் ஆராய்ச்சியில் போதிகைக்கு உள்ள மதிப்பும் இதே காரணத்தால் வந்தது. தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் அந்தச் சிறு கல் பல்லவர் காலத்தில் அலைபோல் சுருண்டது, சோழர் காலத்தில் பட்டையாக வெட்டுப்பட்டது, விஜயநகர காலத்தில் தாமரை மொட்டாகத் தொங்கியது. மூலவரின் பெயர் மாறும், கோபுரத்துக்குப் புது வண்ணம் வரும். போதிகையை மாற்றி யாரும் புகழ் தேடுவதில்லை. காரில் போதிகைக்கு நிகரானவை பின் ஹவுசிங்கின் பிடிமானமும், கதவடி விளிம்பும், சிலிண்டரின் அளவும்.

இது ஹெரால்டுக்கு மட்டும் பொருந்தும் விதி அல்ல. உலகின் விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இதே விதிதான் செல்கிறது. போர்ஷே 1972-இலும் 1973-இலும் 911 காரெரா ஆர்எஸ் 2.7 என்ற மாடலைச் செய்தது. பந்தயத்தில் இறங்க 500 கார் செய்தால் போதும் என்ற கணக்கில் தொடங்கி 1580 கார்கள் செய்தார்கள். அவற்றில் எடை குறைத்த ‘ஸ்போர்ட்’ வகை 200 மட்டுமே. பின்னால் வாத்து வால்போல் தூக்கிய ஒரு தட்டு, பக்கவாட்டில் ‘காரெரா’ என்ற பெரிய எழுத்துகள் – பார்த்தவுடன் தெரியும் அடையாளங்கள் இவை. சாதாரண 911 காரில் இவ்விரண்டையும் ஒட்டிப் போலி செய்தவர்கள் ஏராளம். அந்த ஊர் நிபுணர்கள் வாலைப் பார்ப்பதில்லை. எடை குறைக்கத் தொழிற்சாலை பயன்படுத்திய மெல்லிய தகட்டை அளப்பார்கள், மெல்லிய கண்ணாடியில் பொறித்திருக்கும் பெயரைப் படிப்பார்கள், என்ஜின் எண்ணும் கியர்பாக்ஸ் எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். பிரிட்டிஷ் டிரையம்ப் கார்களுக்கு கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பழைய உற்பத்திப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. பதிவேடு இருக்கும் இடத்தில்கூட இரும்பையும் சேர்த்துத்தான் படிக்கிறார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு கனமானது. லைசென்ஸும் பற்றாக்குறையும் ஆண்ட காலத்தில் தொழிற்சாலையே கையில் கிடைத்த பாகத்தைப் போட்டு காரை வெளியே விட்டிருக்கும், எனவே ‘தொழிற்சாலை அடையாளம்’ என்று ஒன்று நிலையாக இருந்திருக்க முடியாது என்பது அது. இதில் பாதி உண்மை. கைப்பிடி, விளக்கு, ஸ்விட்ச் போன்றவற்றில் ஒரே ஆண்டின் இரண்டு கார்கள் வேறுபட இடமுண்டு. ஆகவே அவற்றில் ஒன்று இல்லாததை வைத்து ஒரு காரைப் போலி என்று தள்ளக் கூடாது. ஆனால் பற்றாக்குறையால் ஒரு கார் இரண்டு கதவுக்குப் பதில் நான்கு கதவோடு வராது, ஆடும் ஷாஃப்ட்டுக்குப் பதில் முழுக் கட்டையோடு வராது. அவற்றுக்கு வேறு அச்சும் வேறு சேஸ் பிடிமானமும் வேண்டும். பற்றாக்குறை அணிகலனை மாற்றும், எலும்பை மாற்றாது. இந்த மறுப்பு எலும்பை முதலில் பார் என்ற என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. இன்னொன்றையும் இது கற்றுத்தருகிறது: எந்தச் சாட்சியையும் தனியே நம்பாதே, மூன்று நான்கு சாட்சிகள் ஒரே திசையில் கை காட்டினால் மட்டும் தீர்ப்புச் சொல்.

இரண்டாவது மறுப்பு மனத்தைத் தொடுவது. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டுவதற்காக இரட்டைக் கார்புரேட்டர் வைத்து, எடை குறைத்து, உயிரைக் கொடுத்துத் தயார் செய்த ஒரு ஹெரால்டைப் போலி என்று சொல்வதா? அந்த மாற்றமும் வரலாறுதானே? ஆம், வரலாறுதான். கம்பெனி பூட்டியதைவிட அந்த மாற்றம் சில சமயம் அருமையானது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பழையபடி ஒற்றைக் கார்புரேட்டர் வைப்பது, ஒரு சாட்சியை அழிப்பதற்குச் சமம். நான் எதிர்ப்பது மாற்றத்தை அல்ல, மாற்றத்தை மறைப்பதை. நார்த்தாமலைக்குத் திரும்பிப் போவோம். இடிந்த கற்றளியை எடுத்துக் கட்டிய மல்லன் விடுமன், இது நான் எழுப்பியது என்று எழுதிக்கொண்டிருந்தால் கேட்க ஆளில்லை. ஆனால் முதலில் கட்டியவர் பெயரையும், இடிந்த காரணத்தையும், தான் செய்தது புதுப்பிப்பு என்பதையும் அந்தக் கல்வெட்டு சேர்த்தே சொல்கிறது. அதனால்தான் இருவரும் இன்றும் நமக்குத் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். ‘1964 மெட்ராஸ் ஹெரால்டு, கூரை பிற்காலத்தில் கழற்றப்பட்டது, இரண்டாவது கார்புரேட்டர் பந்தயத்துக்காகச் சேர்க்கப்பட்டது’ என்று எழுதி வைத்த கார் நேர்மையான கார். ‘கம்பெனி கன்வெர்ட்டிபிள்’ என்று எழுதி வைத்த அதே கார் பொய்.

மூன்றாவது மறுப்பு அலட்சியமாக வருவது. சொந்தக் காசில் வாங்கிய காரை எப்படி அழைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் இருக்கிறது, சட்டமே அதை ஒப்புக்கொள்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவிலேயே பராமரிக்கப்படும் வாகனத்தைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்யலாம். சேஸிலும் பாடியின் கூட்டிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும், கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். மூல வடிவம் எது என்ற கேள்வி இப்போது ரசிகர்களின் திண்ணைப் பேச்சாக மட்டும் இல்லை, அரசு அலுவலகத்தின் மேசைக்கு வந்துவிட்டது. 1961-இல் வெளிவந்த ஹெரால்டுகள் 60 ஆண்டைத் தாண்டிவிட்டன. கெஸல் உற்பத்தி நின்ற 1977-ஐ எண்ணினால், கடைசிக் கெஸல்களுக்கும் 2027-இல் 50 ஆண்டு நிறைகிறது. மூல வடிவம் என்ன என்று எழுதி வைக்காமல், மூல வடிவில் இருக்கிறதா என்று எப்படித் தீர்ப்புச் சொல்வது? விலை கொடுத்து ஏமாறுபவருக்கு ஏற்படும் நஷ்டம் பணத்தோடு போகும். தவறான காரை மாதிரியாக வைத்து அடுத்த பத்துக் கார்களைப் புதுப்பித்துவிட்டால், மெட்ராஸ் தொழிலாளி உண்மையில் என்ன செய்தான் என்பதே நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அது திரும்பி வராத நஷ்டம்.

அந்த நஷ்டத்தைத் தடுக்க ஒரு முன்மாதிரி நம் பக்கத்திலேயே உண்டு. புதுக்கோட்டைச் சமஸ்தானம் சிறியது. ஆனால் 1929-இல் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளின் மூலபாடங்களைத் தொகுத்து அச்சிட்டது, பிறகு மொழிபெயர்ப்பையும் வெளியிட்டது. அந்தத் தொகுப்பு இல்லையென்றால் இன்று எத்தனையோ கற்கள் வெறும் கற்களாகவே கிடந்திருக்கும். பெருங்களத்தூர்க் கார்களுக்கும் அப்படி ஒரு தொகுப்பு வேண்டும். அதற்கு அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கீரனூரிலோ, காரைக்குடியிலோ, கோவையிலோ உங்கள் வீட்டுக் கொட்டகையில் ஹெரால்டோ கெஸலோ நின்றால், டிங்கரிங் பட்டறைக்கு அனுப்பும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தகட்டில் உள்ள எண்ணை, எழுத்து விடாமல், ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ஜின் எண்ணையும் பழைய ஆர்சியில் உள்ள மூன்றெழுத்துப் பதிவெண்ணையும் பக்கத்தில் குறியுங்கள். பின் ஹவுசிங்கையும், கதவடி விளிம்பையும், கூரை உட்காரும் இடத்தையும் வெளிச்சத்தில் படம் எடுங்கள். எதை மாற்றினீர்கள், எந்த ஆண்டில், எந்தக் காரணத்துக்காக என்று எழுதித் தேதி போடுங்கள். அந்த நோட்டு காரோடு போகட்டும். காரை விற்றால் நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.